ஊர் என்றால் யார்? – பகுதியும் முழுமையும் பற்றி ஒரு தர்க்க வகுப்பு

(தகுதித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கூப்பிட்ட தோழர்கள், "இயக்கத்தப் பத்திப் பேச வேணாம் தோழர், பரீட்சைக்கு லாஜிக் சொல்லிக் குடுங்க போதும்" என்றார்கள். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். மேடையில் பேச நம்மிடம் ஆள் இருக்கிறது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்து நாலு விடையில் எது சரியென்று கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

உங்களில் பாதிப் பேர் நெட் எழுதுகிறவர்கள். முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். பாடத்திட்டத்தில் 10 அலகுகள், ஆறாவது அலகு தர்க்கம். அந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது, தமிழில் கிடையாது. தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற நம் பிள்ளைகள் தர்க்கத்தோடு மொழியோடும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அந்த அநியாயத்தை எதிர்த்துத் தனியாகப் போராடுவோம். அதுவரைக்கும் பரீட்சை நிற்காது.

நான் முதல் தடவை எழுதியபோது ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது. விடைத்தாள் குறிப்பு வந்ததும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். நான் தவறவிட்டதில் ஒன்று இந்த மாதிரி: "அந்த அணியில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் சிறந்தவர். ஆகவே அந்த அணி சிறந்த அணி." இதிலுள்ள தவறு என்ன? நான் ஹேஸ்டி ஜெனரலைசேஷன், அதாவது அவசரப் பொதுமை என்று போட்டிருந்தேன். சரியான விடை ஃபேலசி ஆஃப் காம்போசிஷன். தமிழில் தொகுப்புப் போலி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயர் எனக்குத் தெரியும், மனப்பாடமாகவே தெரியும். ஆனால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாது. இன்றைக்கு அந்த வித்தியாசத்தைத்தான் பேசப் போகிறேன்.

நம் அம்மாக்கள் தலையில் சுமந்த விறகுக் கட்டிலிருந்து தொடங்குவோம். கட்டில் உள்ள ஒவ்வொரு சுள்ளியும் காய்ந்தது. ஆகவே கட்டு காய்ந்தது. சரியா? சரி. அதே கட்டு. ஒவ்வொரு சுள்ளியும் கனமில்லாதது, சின்னப் பிள்ளைகூட விரலால் தூக்கும். ஆகவே கட்டு கனமில்லாதது. சரியா? உங்க அம்மாவோட கழுத்தைக் கேட்டுப் பாருங்க.

இரண்டு வாதத்துக்கும் ஒரே வடிவம்தான். 'ஒவ்வொரு கூறும் இப்படி, ஆகவே முழுமையும் இப்படி.' ஒன்று தேறுகிறது, மற்றொன்று தேறவில்லை. ஆகவே, கூறிலிருந்து முழுமைக்குப் போவதெல்லாம் தவறு என்று மனப்பாடம் பண்ணாதீர்கள். சொல்லப்படுகிற குணம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். காய்ந்தது, மரத்தாலானது, சிவப்பானது என்பது மாதிரி ஒவ்வொரு கூறுக்குள்ளும் முழுசாக இருக்கிற குணம் பெரும்பாலும் முழுமைக்கும் கடந்து போகும். எடை, நீளம், விலை மாதிரி எண்ணிக்கை கூடக் கூட மாறுகிற குணம் கடந்து போகாது. ஒற்றுமை, வலிமை, நியாயம் மாதிரி கூறுகள் ஒன்றோடொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்த குணமும் போகாது. நல்ல ஆட்டக்காரர் பதினொரு பேரும் ஒருவருக்கொருவர் பந்து போடாமல் ஆடினால் அந்த அணி தோற்கும். ஆட்டம் தனி ஆளிடம் இருக்கிறது. அணி என்பது ஆட்களுக்கு நடுவில் இருக்கிறது.

தலைகீழாகவும் இதே தவறு நடக்கும். 'கட்டு கனமானது, ஆகவே ஒவ்வொரு சுள்ளியும் கனமானது.' இது ஃபேலசி ஆஃப் டிவிஷன். பகுப்புப் போலி என்போம். கேள்வி தயாரிக்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்து விடையாக வைப்பார்கள். அவசரத்தில் நாம் மாற்றிப் போடுவோம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கேள்வித்தாள் ஓரத்திலோ ரஃப் தாளிலோ ஒரு அம்புக்குறி போடுங்கள். வாதம் எதிலிருந்து தொடங்குகிறது, எதில் முடிகிறது? கூறில் தொடங்கி முழுமையில் முடிந்தால் அம்பு மேலே, தொகுப்பு. முழுமையில் தொடங்கிக் கூறில் முடிந்தால் அம்பு கீழே, பகுப்பு.

சரி, அவசரப் பொதுமை எது? அதில் முழுமை என்கிற ஒரு பொருளே கிடையாது. சிலரைப் பார்த்துவிட்டு எல்லாரையும் சொல்வது. 'விடுதியில் மூன்று பேரைப் பார்த்தேன், மூவரும் தேர்வில் தோற்றவர்கள். ஆகவே விடுதி மாணவர்கள் எல்லாரும் தோற்பவர்கள்.' இங்கே முடிவு விடுதி என்ற அமைப்பைப் பற்றியதல்ல, மீதி மாணவர்கள் ஒவ்வொருவரையும் பற்றியது. மூன்று பேரைப் பார்த்து முந்நூறு பேரைச் சொன்னது தவறு. முந்நூறு பேரையும் பார்த்திருந்தால் தவறு இல்லை. தொகுப்புப் போலியில் அப்படி இல்லை. நீங்கள் ஒரு சுள்ளி விடாமல் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்திருந்தாலும் 'கட்டு கனமில்லை' என்பது தவறுதான். சாட்சியம் போதாமை அவசரப் பொதுமை. சாட்சியம் முழுசாக இருந்தும், குணம் கடக்காத இடத்தில் கடத்தியது தொகுப்புப் போலி. நான் ஒரு வருஷம் இழந்தது இந்த ஒரு வரிக்காகத்தான்.

இப்போது நானே எழுதிக்கொண்டு வந்த நாலு கேள்வி. விடையைச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

1. 'இந்தச் சங்கத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் காசில்லாதவர். ஆகவே சங்கத்திலும் காசிருக்காது.' பத்தாயிரம் உறுப்பினர் மாசம் பத்து ரூபாய் போட்டால் ஒரு லட்சம். தொகுப்புப் போலி.

2. 'இந்தப் பல்கலைக்கழகம் பணக்காரப் பல்கலைக்கழகம். ஆகவே இதிலுள்ள ஒவ்வொரு துறையிலும் பணம் இருக்கிறது.' தமிழ்த் துறைக்குப் போய் நாற்காலியைப் பாருங்கள். பகுப்புப் போலி.

3. 'இந்த வட்டாரத்தில் இரண்டு பள்ளிக்கூடம் பார்த்தேன், இரண்டிலும் ஆய்வுக்கூடம் இருந்தது. ஆகவே வட்டாரத்திலுள்ள எல்லாப் பள்ளியிலும் ஆய்வுக்கூடம் இருக்கிறது.' அவசரப் பொதுமை.

4. 'இந்தப் பாயின் ஒவ்வொரு கோரையும் பச்சை. ஆகவே பாய் பச்சை.' தவறே இல்லை. 'தவறு எதுவும் இல்லை' என்று ஒரு விடை இருந்தால் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தவறு கண்டுபிடிக்கிற வெறியில் சரியானதையும் வெட்டிவிடக் கூடாது.

அமெரிக்காவில் சட்டக் கல்லூரிக்குப் போக எல்சாட் என்று ஒரு தேர்வு வைக்கிறார்கள். அதிலும் இது வரும். அங்கே போலியின் பெயர் கேட்க மாட்டார்கள். 'ஒரு குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உண்மையானது அக்குழுவுக்கும் உண்மை என்று கொள்கிறது' என்கிற மாதிரி நீட்டி முழக்கி விடையாகக் கொடுப்பார்கள். பெயரை மட்டும் நெட்டுருப் போட்டவன் அங்கே மாட்டிக்கொள்வான். அம்பு போட்டவன் பிழைப்பான்.

இந்த வித்தையெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்தது, நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். மணிமேகலையின் 29ஆம் காதையை எடுத்துப் பாருங்கள். கணிகையர் குலத்தில் பிறந்த ஒரு பெண் காஞ்சியில் அறவண அடிகள் முன்னால் உட்கார்ந்து பௌத்த அளவையியல் கற்கிறாள். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வாதத்தின் பிழைகள் வகைவகையாக அதில் இருக்கின்றன. ஏதுப் போலி மூன்று: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். காட்டுகிற காரணம், நாம் நிறுவ வேண்டிய பக்கத்திலும் இருந்து, எதிர்ப் பக்கத்திலும் இருந்தால் அது ஒன்றையும் நிறுவாது. அது அநைகாந்திகத்தில் சேரும். நம் விறகுக் கட்டுக்குத் திரும்புங்கள். 'ஒவ்வொரு கூறும் அப்படி' என்ற காரணம், முழுமையும் அப்படி இருக்கிற இடத்திலும் இருக்கிறது, இல்லாத இடத்திலும் இருக்கிறது. ஆகவே அந்தக் காரணம் தனியாக நின்று எதையும் நிறுவாது. தொகுப்புப் போலி என்று நேராகப் பெயர் சொல்லாவிட்டாலும், அதை நிறுத்துப் பார்க்கிற தராசு அங்கே இருக்கிறது. நெட் பாடத்திட்டத்தில் இந்தியத் தர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஹேத்வாபாசம் என்று வருவது இந்த ஏதுப் போலிதான். நியாய மரபில் அநைகாந்திகத்தைச் சவ்யபிசாரம் என்பார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு பெண் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

பரீட்சைக்குத் தேவையானது இவ்வளவுதான். ஆனால் இந்தப் பாடத்தை நான் பரீட்சை ஹாலில் முதலில் கற்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாட்டி இறந்தபோது மழைக்காலம். சுடுகாட்டுக்குப் போகிற வயல்வரப்பு முழங்கால் சேறு. பொதுப்பாதை வழியாகத் தூக்கிப் போகலாம் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். 'ஊர் கூடிப் பேசியாச்சு, ஊர் ஒத்துக்கல' என்று பதில் வந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "ஊர்ப் பொதுப்பாதைதானுங்களே, நாங்களும் இந்த ஊருதானுங்களே" என்று கேட்டார். பதில் இல்லை. சேற்றில்தான் தூக்கிப் போனோம். திரும்பி வந்து அம்மா சொன்னாள்: "ஓட்டுக் கேக்கறப்ப நாம ஊரு. பொணம் போறப்ப நாம சேரி."

தோழர்களே, தமிழில் 'ஊர்' என்கிற சொல்லுக்கு இரண்டு அளவு இருக்கிறது. ஒன்று முழுமை: வருவாய்க் கணக்கில் உள்ள கிராமம், அதில் சேரியும் அடக்கம். இன்னொன்று பகுதி: சேரி நீங்கலான தெருக்கள். 'ஊர் முடிவு' என்று சொல்லும்போது ஒரு பகுதியின் முடிவு முழுமையின் பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறது. ஊர்ப் பொது, ஊர்க் கட்டுப்பாடு, ஊர்க் கோயில் எல்லாம் அப்படித்தான். ஒரே வாதத்துக்குள் ஒரு சொல்லை இரண்டு பொருளில் மாற்றி மாற்றிப் போடுவது இன்னொரு போலி. இங்கே இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. 'எந்த ஊரைச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டால் வாதம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் எங்க அப்பாவுக்குப் பதில் வரவில்லை.

'எங்க ஊர்ல ஒவ்வொருத்தரும் நல்லவங்க, யாரும் சாதி பார்க்கிறதில்ல. ஆகவே எங்க ஊர்ல சாதி இல்ல.' இதை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! நான் தவறவிட்ட கேள்வியும் இதுவும் ஒன்றுதான், ஆட்டக்காரருக்குப் பதில் ஊர்க்காரர். ஒரு பேச்சுக்கு, ஒவ்வொருவரும் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். தெரு எங்கே முடிகிறது, நிலம் யார் பேரில் இருக்கிறது, சுடுகாடு எத்தனை இருக்கிறது என்பதெல்லாம் தனி ஆளின் குணத்தில் இல்லை. அமைப்பில் இருக்கிறது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் படித்த கட்டுரையில் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். ஒற்றைச் சாதி என்று ஒன்று தனியாக இருக்க முடியாது, சாதிகள் என்று பன்மையில்தான் அது இருக்கும் என்பது அவருடைய வாதம். ஒவ்வொரு சுள்ளியாகப் பிரித்துப் பார்த்துக் கனத்தைத் தேடினால் கிடைக்காது. கட்டாகப் பார்க்க வேண்டும்.

இப்போது அம்பு கீழே வருகிற வாதம். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 73 விழுக்காடு. 'நாட்டில் நூற்றுக்கு 73 பேர் படித்தவர்கள், ஆகவே எல்லாச் சமூகத்திலும் அப்படித்தான்' என்று எவராவது சொன்னால், அதே கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 66 விழுக்காடு என்று காட்டுங்கள். சராசரி என்பது முழுமையின் குணம். அதைக் கீழே இறக்கி ஒவ்வொரு பகுதிக்கும் பங்கு போட முடியாது.

தமிழகச் சட்டமன்றத்தில் 234 தொகுதி, அதில் 44 பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. அந்தத் தொகுதியில் நிற்பவர் நம் ஆள். தேர்ந்தெடுப்பது தொகுதி முழுவதும். 'தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது, ஆகவே சேரி மக்களும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.' இது பகுப்புப் போலி. சேரி முழுக்க எதிராகப் போட்டாலும் மற்றவர் ஓட்டில் அவர் ஜெயிக்க முடியும். 1932இல் இரட்டை வாக்குரிமைக்காக அம்பேத்கர் ஏன் அவ்வளவு மன்றாடினார், பூனா ஒப்பந்தத்தில் நாம் எதை இழந்தோம் என்பது இந்த ஒரு போலியைப் புரிந்துகொண்டால் புரிந்துவிடும். அந்த ஒப்பந்தத்தில் இடங்கள் 71லிருந்து 148 ஆகக் கூடின. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் கை மாறிப்போனது.

இன்னொரு பக்கமும் உண்டு. நம்மைப் பார்த்துச் சொல்வார்கள்: "ஏதோ ஒரு டீக்கடையில ரெட்டைக் குவளை வெச்சிருந்தான்னா ஊர் பூராவும் தீண்டாமைன்னு சொல்றீங்களே, இது அவசரப் பொதுமை இல்லையா?" நல்லாக் கவனிங்க. நாம் 'எல்லாக் கடையிலும் இரட்டைக் குவளை' என்று சொன்னால் அது அவசரப் பொதுமைதான், அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் அவர் சொன்னது 'இங்கே தீண்டாமையே இல்லை' என்பது. அது எல்லாவற்றையும் பற்றிய கூற்று. அதைப் பொய்யாக்க ஒரே ஒரு கடை போதும். 1996 உள்ளாட்சித் தேர்தல் மாநிலம் முழுக்க நடந்தது என்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரைக்கும் தலித் தலைவர் பதவியில் உட்கார முடியவில்லை. மூன்று பேர் போதும், 'எல்லா இடத்திலும் சனநாயகம் வந்துவிட்டது' என்ற கூற்றைச் சாய்க்க. நிறுவுவதற்கு நிறையச் சாட்சியம் வேண்டும், மறுப்பதற்கு ஒன்று போதும். மேடையில் பேசும்போது நாம் எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்து பேசுங்கள்.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். எதிரி செய்கிற போலி நம் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும். நாம் செய்வது தெரியாது.

'தலித்துகளுக்கு 18 விழுக்காடு கிடைத்தது, ஆகவே தலித்துகள் எல்லாருக்கும் கிடைத்தது.' அம்பு கீழே. தமிழகத்தின் பட்டியலில் எழுபதுக்கும் மேற்பட்ட சாதிகள் இருக்கின்றன. மலம் அள்ளும் தொழிலில் தள்ளப்பட்ட அருந்ததியர் 'எங்கள் வீட்டுக்கு வரவில்லையே' என்று கேட்டபோது, 'ஒற்றுமையைக் குலைக்காதே' என்று நம்மில் சிலர் சொன்னோம். நானும் சொன்னேன். 2009இல் அந்த 18க்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் வந்தது. பட்டியல் சாதியினர் ஒரே படித்தான ஒரு தொகுதி, அதைப் பிரிக்கக் கூடாது என்று 2004இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வில் அதை மாற்றிக்கொண்டு, உட்பிரிவு செல்லும் என்றது. இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம், அரசியலாக விவாதிக்கலாம். ஆனால் 'மொத்தத்துக்குக் கிடைத்தது, ஆகவே உனக்கும் கிடைத்தது' என்கிற காரணத்தை வைத்து மட்டும் விவாதிக்காதீர்கள். அது எங்கள் பாட்டி பிணத்துக்கு முன்னால் ஊர் சொன்ன காரணம்.

'இது விடுதலை இயக்கம். ஆகவே இதிலிருக்கிற ஒவ்வொருவரும் விடுதலை பெற்றவர்.' கூட்டம் முடிந்ததும் டீ டம்ளர் கழுவுவது யார் என்று பாருங்கள். பெண் தோழர்கள் சிரிக்கிறீர்கள், விடை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்பைத் திருப்பிப் போட்டாலும் தவறுதான். 'நம் தோழர்கள் ஒவ்வொருவரும் தியாகி, ஆகவே நம் இயக்கம் சரியான இயக்கம்.' தியாகி பதினொரு பேர் ஒருவருக்கொருவர் பந்து போடாவிட்டால் என்ன ஆகும் என்று முன்னமே பார்த்தோம்.

முடிக்கிறேன். பரீட்சை ஹாலுக்கு மூன்று கேள்வியை எடுத்துப் போங்கள். ஒன்று, அம்பு எந்தப் பக்கம் போகிறது? இரண்டு, இந்தக் குணம் கடக்கக் கூடியதா, எண்ணிக்கையிலோ அமைப்பிலோ மாறிவிடுமா? மூன்று, முடிவு முழுமையைப் பற்றியதா, இல்லை மீதியுள்ள ஒவ்வொருவரையும் பற்றியதா? ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷத்துக்குள் இது முடிய வேண்டும். அதற்குப் பயிற்சிதான் வழி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே எதையும் எழுதாமல் விட்டுவிட்டு வராதீர்கள்.

வெளியே வந்த பிறகு அதே மூன்றையும் கையில் வைத்திருங்கள். எவராவது 'ஊர் சொல்லுது' என்றால், எந்த ஊர் என்று கேளுங்கள். நம் இயக்கத்தில் எவராவது 'மக்கள் சொல்றாங்க' என்றால், எந்த மக்கள் என்று கேளுங்கள். நான் சொன்னாலும் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு வரும்போது ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வாருங்கள். செய்தித்தாளிலிருந்து மூன்று, நம் துண்டறிக்கைகளிலிருந்து இரண்டு.